இதயக் கருவியின் மின்கம்பியை அகற்றிய பின் கை வீங்குவது ஏன்? அலட்சியம் கூடாத ரத்த உறைவு: ஒரு விளக்கம்

புதுதில்லி: பேஸ்மேக்கர் உள்ளிட்ட இதயக் கருவிகளின் பழைய மின்கம்பிகள் அகற்றப்பட்ட சில நாள்களிலோ வாரங்களிலோ அதே பக்கத்துக் கை வீங்கிக் கனத்தால், அதை அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வழக்கமான வீக்கம் என்று கருதி விட்டுவிடக் கூடாது. கையின் ஆழ்ந்த சிரையில் ரத்தம் உறைந்திருப்பதன் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும்.

காலில் ஏற்படும் ரத்த உறைவு குறித்து ஓரளவு விழிப்புணர்வு உள்ளது. நீண்ட விமானப் பயணம், எலும்பு முறிவு, மகப்பேறு போன்ற சூழல்களில் அது பற்றி மருத்துவர்கள் எச்சரிப்பது வழக்கம். கையிலும் அதே பாதிப்பு ஏற்படலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உரிய நேரத்தில் கண்டறிந்தால் மருந்துகளாலேயே பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய இப்பாதிப்பு, கவனிக்கப்படாமல் விடப்பட்டால் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு வரை கொண்டு செல்லக்கூடும்.

கருவியும் கம்பியும்

இதயத் துடிப்பு மிகவும் குறையும்போது மின்தூண்டல் தந்து அதைச் சீராக்கும் கருவி பேஸ்மேக்கர். உயிருக்கு ஆபத்தான வேகத் துடிப்பை மின் அதிர்ச்சி மூலம் நிறுத்தும் கருவி, சுருக்கமாக ஐ.சி.டி. என்று அழைக்கப்படும் டிஃபிபிரிலேட்டர். உடலுக்குள் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர், 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி ஸ்வீடனில், ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. அறுவை சிகிச்சை நிபுணர் ஓகே சென்னிங், பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் ஆகியோர் அதை உருவாக்கினர். முதல் கருவி சில மணி நேரமே இயங்கியது. எனினும் அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றப்பட்டு, லார்சன் 2001-ஆம் ஆண்டு வரை, 86 வயது வரை வாழ்ந்தார். முதல் ஐ.சி.டி. கருவி 1980-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பொருத்தப்பட்டது.

தொடக்க காலத்தில் மார்பைத் திறந்து, மின்முனைகளை இதயத்தின் மேற்பரப்பில் தைத்தனர். பின்னர் சிரை வழியாகவே மின்கம்பியைச் செலுத்தும் முறை வழக்கத்துக்கு வந்தது. இன்று பெரும்பாலான கருவிகள், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, தோலுக்கடியில் பை போன்ற சிறு இடம் அமைத்து அதற்குள் வைக்கப்படுகின்றன. அங்கிருந்து 'லீட்' எனப்படும் மெல்லிய மின்கம்பி, கையிலிருந்து வரும் சிரைக்குள் நுழைந்து, காறை எலும்பின் அடியில் செல்லும் சிரை, மேற்பெருஞ்சிரை ஆகியவற்றைக் கடந்து இதயத்தின் வலப்பக்க அறைகளைச் சென்றடைகிறது. கையிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும் அதே பாதையில்தான் இந்தக் கம்பியும் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. இக்கட்டுரை பேசும் சிக்கலின் வேர் இதுவே.

கம்பியை அகற்ற வேண்டிய தேவை

கருவியின் மின்கலம் தீர்ந்தால், கருவியை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கம்பியையே புதிய கருவியுடன் இணைப்பது வழக்கம். ஆனால் சில நேரங்களில் கம்பியையே வெளியே எடுக்க வேண்டியுள்ளது. அவற்றில் முதன்மையானது நோய்த்தொற்று.

கருவி இருக்கும் இடத்தில் சிவத்தல், சீழ் கசிதல், தோல் மெலிந்து கருவி வெளியே தெரிதல் ஆகியவை தொற்றின் அறிகுறிகள். கிருமிகள் கம்பியின் வழியே ரத்தத்துக்கும் இதய வால்வுகளுக்கும் பரவினால் உயிருக்கு ஆபத்து நேரிடும். கம்பியின் மேற்பரப்பில் படலமாக ஒட்டிக்கொள்ளும் கிருமிகளை மாத்திரை, ஊசிகளால் மட்டும் முற்றிலும் அழிக்க இயலாது. எனவே தொற்று உறுதியானால் கருவி, கம்பி இரண்டையும் முழுமையாக அகற்ற வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பிய இதயத் துடிப்பியல் அமைப்புகளின் வழிகாட்டு நெறிமுறைகள் தெளிவாகக் கூறுகின்றன.

கம்பி முறிதல், அதன் மேலுறை சிதைதல், புதிய கம்பிக்கு இடமில்லாதவாறு சிரை அடைபடுதல், தயாரிப்புக் குறைபாடு காரணமாக நிறுவனம் எச்சரிக்கை விடுத்தல் ஆகியவையும் அகற்றுவதற்கான காரணங்களாக அமைகின்றன.

எளிதாக உருவ முடியாதது ஏன்?

புதிதாகப் பொருத்திய கம்பியைச் சில வாரங்களுக்குள் இழுத்து எடுப்பது பெரும்பாலும் கடினமல்ல. நாள் செல்லச் செல்ல, உடல் அந்தக் கம்பியை அந்நியப் பொருளாக உணர்ந்து, அதைச் சுற்றி நார்த்திசுவை வளர்க்கிறது. சுவரில் படர்ந்த கொடி காலப்போக்கில் சுவரைப் பற்றிக்கொள்வது போல, கம்பியும் சிரைச் சுவருடனும் இதயத் தசையுடனும் ஒட்டிக்கொள்கிறது. ஆண்டுகள் பல கடந்தால் அந்தத் திசுவில் சுண்ணாம்புச் சத்தும் படிந்து இறுகிவிடுகிறது. பொருத்தி ஓராண்டுக்கு மேலான கம்பியை எடுப்பதைத் தனிவகைச் சிகிச்சையாகவே மருத்துவ உலகம் வகைப்படுத்துவது இதனால்தான்.

இத்தகைய கம்பியை அகற்ற, அதன் உட்புறத்தில் பூட்டிக்கொள்ளும் கம்பி ஒன்றைச் செலுத்தி உறுதிப்படுத்துகின்றனர். பின்னர் கம்பியின் மீது குழல் போன்ற உறையை நகர்த்தி, ஒட்டியுள்ள திசுவை லேசர் கதிராலோ, சுழலும் முனையாலோ சிறிது சிறிதாகப் பிரிக்கின்றனர். சிலருக்குத் தொடைச் சிரை வழியாகச் சுருக்குக் கண்ணி செலுத்தியும் எடுக்கப்படுகிறது. சிரையோ இதயமோ கிழிந்தால் உடனடியாக மார்பைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதால், இதய அறுவை சிகிச்சைக் குழு தயார்நிலையில் இருக்க வேண்டியது கட்டாயம்.

அனுபவம் வாய்ந்த மையங்களில் இச்சிகிச்சையின் வெற்றி விகிதம் அதிகம். 19 ஐரோப்பிய நாடுகளின் 73 மையங்களில் இச்சிகிச்சை பெற்ற 3,510 பேரின் விவரங்களைத் தொகுத்த 'எலெக்ட்ரா' பதிவேட்டின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. 96.7 சதவீதத்தினருக்குச் சிகிச்சை வெற்றி பெற்றதாகவும், சிகிச்சை சார்ந்த பெரிய சிக்கல்கள் மருத்துவமனையில் இருந்த காலத்தில் 1.7 சதவீதத்தினருக்கு ஏற்பட்டதாகவும், உயிரிழப்பு 0.5 சதவீதம் எனவும் அதில் பதிவானது.

இவ்வாறான கணக்குகளில் முன்னிற்பவை சிரைக் கிழிவு, இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குதல் போன்ற உடனடி ஆபத்துகள். வீடு திரும்பிய பின் கையில் தோன்றும் ரத்த உறைவு அவற்றைப் போல் கவனம் பெறுவதில்லை.

ரத்தம் உறைவது எப்படி?

ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைவதற்கு மூன்று சூழல்கள் வழிவகுக்கின்றன: ரத்தக்குழாயின் உட்சுவர் காயமடைதல், ரத்த ஓட்டம் மந்தமாதல், ரத்தத்தின் உறையும் தன்மை கூடுதல். 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் இம்மூன்றும் 'விர்ஷோவின் முக்கூறுகள்' என்று அழைக்கப்படுகின்றன. அவரது பிறந்த நாளான அக்டோபர் 13, உலக ரத்த உறைவு நாளாக 2014 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது.

கம்பி அகற்றப்பட்ட நோயாளியிடம் இம்மூன்றும் ஒருசேர அமைந்துவிடுகின்றன. கம்பியுடன் ஒட்டியிருந்த திசு பிரிக்கப்படும்போது சிரையின் வழவழப்பான உட்பூச்சும் உரிந்துவிடுகிறது. அந்த மேற்பரப்பு, ரத்தத் தட்டணுக்கள் படிவதற்கு ஏற்ற இடமாகிறது. கம்பியைச் சுற்றியிருந்த நார்த்திசு உறை சில நேரங்களில் வெற்றுக் குழாயாக உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு.

ஏற்கெனவே குறுகியிருந்த சிரையில் ரத்தம் மெதுவாகவே செல்கிறது. வலிக்கு அஞ்சி நோயாளி கையை அசைக்காமல் வைத்திருந்தால் ஓட்டம் மேலும் தளர்கிறது. நோய்த்தொற்று, அறுவை சிகிச்சை ஆகியவை ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டுகின்றன. புற்றுநோய், இதயச் செயலிழப்பு, முன்பு ரத்த உறைவு ஏற்பட்ட வரலாறு ஆகியவை இருந்தால் ஆபத்து மேலும் கூடும்.

கவனிக்க வேண்டிய மற்றொரு காரணமும் உண்டு. தொற்றுக்காகக் கம்பி அகற்றப்பட்டவர்களுக்கு வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் மருந்துகளை ஊசி வழியாகச் செலுத்த வேண்டியிருக்கலாம். அதற்காகக் கைச் சிரை வழியே மார்பு வரை செலுத்தப்படும் நீண்ட மெல்லிய குழாயே ரத்த உறைவுக்கு ஒரு காரணியாகும். ஏற்கெனவே காயமுற்ற பக்கத்திலேயே அது செருகப்பட்டால் ஆபத்து இரட்டிப்பாகிறது.

முன்பே இருந்த அடைப்பு

கம்பி அகற்றப்படுவதற்கு முன்பே பலரது சிரை ஓரளவு குறுகியோ, முற்றிலும் அடைபட்டோ இருப்பதுண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. அடைப்பு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உருவாவதால், சுற்றியுள்ள சிறு சிரைகள் விரிந்து மாற்றுப்பாதையாகச் செயல்படத் தொடங்கிவிடுகின்றன. நெடுஞ்சாலை படிப்படியாக அடைபட, ஊர்ச்சாலைகள் போக்குவரத்தை ஏற்றுக்கொள்வதற்கு இதை ஒப்பிடலாம். தோள், மார்புப் பகுதியில் நீல நிறச் சிரைகள் புடைத்துத் தெரிவது இத்தகைய மாற்றுப்பாதையின் வெளித்தோற்றமாகும்.

கம்பி அகற்றப்பட்ட பின் புதிதாக உருவாகும் உறைவு, மாற்றுப்பாதைகள் உருவாக அவகாசம் தருவதில்லை. அகற்றும்போது சில மாற்றுச் சிரைகளும் சேதமடைந்திருக்கலாம். முன்பு தொல்லையே இல்லாத கை திடீரென வீங்குவதற்கு இதுவே காரணம்.

அறிகுறிகள் எவை?

வலியைக் காட்டிலும் வீக்கமே பெரும்பாலும் முதலில் தெரிகிறது. மோதிரம் கழலாமல் போவது, வளையலோ கைக்கடிகாரப் பட்டையோ பதிந்து தடம் விடுவது, சட்டையின் ஒரு கை மட்டும் இறுக்கமாவது ஆகியவை தொடக்கக் குறிகள். கை கனத்தல், தோள் அல்லது அக்குளில் மந்தமான வலி, தோல் சிவந்தோ நீலம் பாய்ந்தோ காணப்படுதல், மேற்கையிலும் மார்பிலும் சிரைகள் புடைத்தல், கழுத்து ஓரத்தில் இறுக்கம் ஆகியவை தொடர்ந்து வரலாம். கையைத் தொங்கவிட்டால் தொல்லை கூடுவதும், உயர்த்தி வைத்தால் குறைவதும் உண்டு.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உள்ளது. முழங்கை மடிப்பிலிருந்து ஒரே தொலைவில் இரு கைகளிலும் குறியிட்டு, தையல் அளவு நாடாவால் சுற்றளவை நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து குறித்துவைக்கலாம். ஒரு கையின் அளவு மட்டும் நாளுக்கு நாள் கூடினால் காத்திருக்கத் தேவையில்லை.

கை வீக்கம் எல்லாமே ரத்த உறைவு ஆகிவிடாது. கருவி இருந்த இடத்தில் ரத்தம் கசிந்து கட்டுதல், மீண்டும் தொற்று ஏற்படுதல், ஊசிக் குழாய் போட்ட இடத்தில் தோலுக்கடியிலுள்ள சிரை அழற்சி அடைதல் ஆகியவையும் வீக்கத்தை உண்டாக்கும். ஊசி போட்ட இடத்தில் கயிறு போலத் தடித்து வலிக்கும் மேலோட்டமான சிரை அழற்சி பெரும்பாலும் ஆபத்தற்றது. எனினும் இவற்றுக்கான சிகிச்சைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. ரத்தக்கசிவுக்கு உறைவுத் தடுப்பு மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்; உறைவுக்கு அதைக் கொடுக்காவிட்டால் ஆபத்து. எனவே ஊகத்தின் அடிப்படையில் அன்றி, பரிசோதனையின் அடிப்படையிலேயே சிகிச்சை முடிவாக வேண்டும்.

எப்போது அவசரம்?

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் ஆம்புலன்ஸை அழைத்து உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கையில் உருவான உறைவின் ஒரு துணுக்கு பிரிந்து, இதயம் வழியாக நுரையீரல் தமனியை அடைத்திருப்பதன் அறிகுறிகளாக அவை இருக்கலாம்.

இந்த ஆபத்து காலில் ஏற்படும் உறைவைவிடக் கையில் குறைவு என்பது ஆறுதலான செய்தி. ஆழ்சிரை ரத்த உறைவுக்கு உள்ளான 11,564 பேரின் விவரங்களை ஆராய்ந்த 'ரியேட்டே' எனும் பன்னாட்டுப் பதிவேட்டின் முடிவுகள் 2008-இல் வெளியாயின. அவர்களில் 512 பேருக்கு, அதாவது 4.4 சதவீதத்தினருக்குக் கையில் உறைவு இருந்தது. நோய் கண்டறியப்பட்ட வேளையில் நுரையீரல் அடைப்பின் அறிகுறிகள் கையில் உறைவு ஏற்பட்டோரில் 9 சதவீதத்தினரிடமும், காலில் உறைவு ஏற்பட்டோரில் 29 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. குறைவு என்றாலும், ஒதுக்கித் தள்ளத்தக்க அளவு அன்று.

முகம், கழுத்து, இரு கைகள் ஆகியவை ஒருசேர வீங்குவதும், குனியும்போது தலை பாரமாகி முகம் சிவப்பதும் மேற்பெருஞ்சிரையே அடைபட்டிருக்கலாம் என்பதைக் காட்டும். காய்ச்சல், குளிர் நடுக்கத்துடன் கை வீங்கினால், உறைவிலேயே கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்விரு நிலைகளும் அவசர சிகிச்சைக்கு உரியவை.

பரிசோதனைகள்

கையில் ஆழ்சிரை உறைவு இருப்பதற்கான வாய்ப்பை மதிப்பிட மருத்துவர்கள் 'கான்ஸ்டான்ஸ் மதிப்பெண்' என்ற எளிய கணக்கைப் பயன்படுத்துகின்றனர். சிரையில் குழாய் அல்லது பேஸ்மேக்கர் கம்பி இருந்தால் ஒரு மதிப்பெண். குறிப்பிட்ட இடத்தில் வலி இருந்தால் ஒன்று. ஒரு கை மட்டும் வீங்கியிருந்தால் ஒன்று. வேறு நோயாக இருக்கவும் அதே அளவு வாய்ப்பு இருந்தால் ஒன்று கழிக்கப்படும். இரண்டு அல்லது மூன்று மதிப்பெண் பெற்றால் உறைவுக்கான வாய்ப்பு அதிகம்.

முதல் பரிசோதனை, டாப்ளர் எனப்படும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஊசியோ கதிர்வீச்சோ இல்லாத இந்தச் சோதனையில், ஸ்கேன் கருவியால் அழுத்தும்போது சிரை அமுங்குகிறதா என்று பார்க்கின்றனர். உள்ளே உறைவு இருந்தால் அமுங்காது. ஆனால் இதற்கு ஒரு வரம்பு உண்டு. கம்பி சென்ற முக்கியப் பகுதி காறை எலும்புக்குப் பின்னால் மறைந்திருப்பதால், அங்கே சிரையை அழுத்திப் பார்க்க இயலாது. எனவே கை வீங்கியிருந்தும் டாப்ளரில் ஒன்றும் தெரியவில்லை என்றால், அதோடு நின்றுவிடாமல், சிரைகளில் சாயம் செலுத்தி எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே வெனோகிராம் தேவைப்படலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சாயம் செலுத்தும் முன் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

உறைவைக் கண்டறிய வேறு சூழல்களில் உதவும் 'டி-டைமர்' ரத்தப் பரிசோதனை இங்கே அவ்வளவாகப் பயன்படுவதில்லை. அறுவை சிகிச்சை, தொற்று ஆகியவற்றாலேயே அதன் அளவு உயர்ந்து காணப்படும் என்பதே காரணம்.

சிகிச்சையும் சிக்கலும்

உறைவு உறுதியானால் ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளே முதன்மைச் சிகிச்சை. இவை உறைவு வளராமலும் புதிதாக உருவாகாமலும் தடுக்கின்றன. ஏற்கெனவே உள்ளதை உடலே படிப்படியாகக் கரைத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் ஹெபாரின் வகை ஊசியும், பின்னர் வார்ஃபரின் மாத்திரையும் தரப்படலாம். அல்லது அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற புதிய மாத்திரைகள் தரப்படலாம். அக்குள் அல்லது அதற்கு மேற்பட்ட சிரைகளில் உறைவு இருந்தால், குறைந்தது மூன்று மாதங்கள் சிகிச்சை தொடர வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை.

கம்பி அகற்றப்பட்டவர்களிடம் இச்சிகிச்சை கத்திமேல் நடப்பதற்கு ஒப்பானது. மார்பில் காயம் இன்னும் ஆறாத நிலையில் உறைவுத் தடுப்பு மருந்து தந்தால், கருவி இருந்த இடத்தில் ரத்தம் கசிந்து கட்டக்கூடும். அந்த ரத்தக்கட்டு மீண்டும் தொற்றுக்கு வழிவகுக்கும். கருவி பொருத்தும் சிகிச்சையின்போது மருந்தை எப்படிக் கையாள்வது என்பதை ஆராய்ந்த 'புரூஸ் கன்ட்ரோல்' ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. வார்ஃபரினை நிறுத்திவிட்டு ஹெபாரின் ஊசிக்கு மாற்றப்பட்டவர்களில் 16 சதவீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க ரத்தக்கட்டு ஏற்பட்டது. வார்ஃபரினைத் தொடர்ந்தவர்களில் அது 3.5 சதவீதம் மட்டுமே. ரத்தக்கட்டு ஏற்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் தீவிரத் தொற்று வரும் ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல் என்பது அதன் தொடர் ஆய்வில் தெரியவந்தது.

அது புதிதாகக் கருவி பொருத்துதல், கருவி மாற்றுதல் தொடர்பான ஆய்வு என்றாலும், அதன் படிப்பினை இங்கும் பொருந்தும். மருந்தை எப்போது தொடங்குவது, எது, எந்த அளவில் என்பதைக் கம்பியை அகற்றிய மருத்துவக் குழுவே முடிவு செய்வது நல்லது. வேறு மருத்துவமனையில் உறைவு கண்டறியப்பட்டாலும், அறுவை சிகிச்சை நடந்த தேதியையும் விவரத்தையும் அங்குள்ள மருத்துவரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது.

உறைவைக் கரைக்கும் வலிமையான மருந்துகளோ, குழாய் செலுத்தி உறைவை உறிஞ்சி எடுக்கும் முறையோ, கை கடுமையாகப் பாதிக்கப்பட்ட சிலருக்கு மட்டுமே பரிசீலிக்கப்படுகின்றன. அண்மையில் அறுவை சிகிச்சை நடந்தவர்களுக்குக் கரைப்பு மருந்துகளால் ரத்தப்போக்கு ஆபத்து அதிகம்.

மருந்து உட்கொள்வோர் கவனத்துக்கு

வார்ஃபரின் உட்கொள்வோர் 'ஐ.என்.ஆர்.' ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். சிரை உறைவுக்கு அதன் அளவு பொதுவாக 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். கீரை வகைகளை அறவே விலக்கத் தேவையில்லை; ஒரு வாரம் மிகுதியாகவும் மறுவாரம் இல்லாமலும் உண்பதைத் தவிர்த்து, ஒரே அளவில் உண்பதே முக்கியம்.

தொற்றுக்குத் தரப்படும் ஆன்டிபயாடிக் மருந்துகளில் பல வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டும். மாறாக, காசநோய்க்கும் சில கிருமித் தொற்றுகளுக்கும் தரப்படும் ரிஃபாம்பிசின், வார்ஃபரின், அபிக்சபான், ரிவராக்சபான் ஆகியவற்றின் வீரியத்தைக் குறைத்துவிடும். மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் மருந்துக்கடைகளில் தாமாகவே வாங்கி உண்ணும் டைக்லோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகள் ரத்தப்போக்கு ஆபத்தைக் கூட்டும். எந்தப் புதிய மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, மருத்துவரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

வீக்கம் வடிந்துவிட்டது என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது மற்றொரு தவறு. வீக்கம் வடிவதும் உறைவு நீங்குவதும் ஒன்றல்ல. வீங்கிய கையில் எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவதும், இறுக்கமாகத் துணி சுற்றுவதும் தவிர்க்கப்பட வேண்டும். தலையணையின் மீது கையை உயர்த்தி வைப்பது இதம் தரும்.

கையை அசைக்கவே கூடாதா?

புதிய கம்பி பொருத்தப்பட்டவர்களிடம், அது இடம்பெயராமல் இருக்கச் சில வாரங்கள் கையைத் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்று கூறப்படுவது வழக்கம். இதைக் கையை அசைக்கவே கூடாது என்று பலர் பொருள் கொள்கின்றனர். விரல்களை மடக்கி விரித்தல், மணிக்கட்டையும் முழங்கையையும் அசைத்தல் ஆகியவற்றுக்குப் பொதுவாகத் தடையில்லை. முற்றிலும் அசைக்காமல் வைத்தால் ரத்த ஓட்டம் மந்தமாவதோடு தோள்மூட்டும் இறுகிவிடும்.

அகற்றிய பின் என்ன?

கம்பி அகற்றப்பட்ட எல்லோருக்கும் மீண்டும் கருவி தேவைப்படும் என்பதில்லை. தேவை இன்னும் உள்ளதா என்பது முதலில் மறுஆய்வு செய்யப்படுகிறது. தேவைப்பட்டால், தொற்று நீங்கியதை உறுதி செய்த பின், பெரும்பாலும் எதிர்ப்பக்க மார்பில் பொருத்தப்படுகிறது. கம்பியே இல்லாமல் இதயத்துக்குள் நேரடியாகப் பதிக்கப்படும் மிகச் சிறிய பேஸ்மேக்கர், அமெரிக்காவில் 2016-இல் ஒப்புதல் பெற்றது. சிரைக்குள் செல்லாமல் தோலுக்கடியில் மட்டும் கம்பி வைக்கப்படும் ஐ.சி.டி. கருவிக்கு அங்கு 2012-இல் ஒப்புதல் கிடைத்தது. எல்லா நோயாளிகளுக்கும் இவை பொருந்தாது. ஆயினும் கைச் சிரைகள் அடைபட்டவர்களுக்கு இவை மாற்றுவழியாக அமைகின்றன.

டயாலிசிஸ் தேவைப்படும் அல்லது பிற்காலத்தில் தேவைப்படக்கூடிய சிறுநீரக நோயாளிகளுக்கு இது மேலும் முக்கியம். டயாலிசிஸுக்கான ரத்தநாள இணைப்பு கையிலேயே அமைக்கப்படுவதால், ஒரு பக்கச் சிரையை இழப்பது அவர்களுக்குப் பேரிழப்பாகும்.

இந்திய நோயாளிகளுக்கு

இந்தியாவில் பேஸ்மேக்கர் பொருத்தும் மருத்துவமனைகள் பரவலாக உள்ளன. ஆனால் பழைய கம்பிகளை அகற்றுவதற்கான தனிக்கருவிகளும் பயிற்சியும் பெரிய மையங்கள் சிலவற்றிலேயே கிடைக்கின்றன. இதனால் நோயாளிகள் வெளியூர் சென்று சிகிச்சை பெற்று, ஊர் திரும்பிய பின் கை வீங்கும்போது, தங்கள் சிகிச்சை பற்றி அறியாத மருத்துவரையே முதலில் அணுக நேரிடுகிறது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்க அறிக்கையும் கருவி அடையாள அட்டையும் இத்தருணத்தில்தான் பயன்படுகின்றன. எந்தப் பக்கம், எத்தனை கம்பிகள், எந்தத் தேதியில், எந்த முறையில் அகற்றப்பட்டன, துண்டு ஏதும் உள்ளே தங்கியுள்ளதா என்ற விவரங்கள் அதில் இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பேஸ்மேக்கர் பொருத்தும் சிகிச்சை, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு வழங்கும் ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தின் கீழ் வருகிறது. 2024 அக்டோபர் முதல் 70 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவருக்கும், வருமான வரம்பின்றி இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. அகற்றும் சிகிச்சைக்கும் அதன் பின் தேவைப்படும் மருந்துகளுக்கும் எந்த அளவுக்குக் காப்பீடு பொருந்தும் என்பதை மருத்துவமனையின் உதவி மையத்தில் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. ஹெபாரின், வார்ஃபரின் ஆகியவை தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளன.

கருவி அல்லது கம்பியின் குறைபாட்டால் பாதிப்பு ஏற்பட்டதாகக் கருதினால், நோயாளிகளும் அதைப் பதிவு செய்யலாம். இதற்கென 2015-இல் தொடங்கப்பட்ட மருத்துவச் சாதனங்கள் கண்காணிப்புத் திட்டத்தை, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்து நெறிநூல் ஆணையம் ஒருங்கிணைக்கிறது.

அஞ்சித் தவிர்க்க வேண்டாம்

கையில் ரத்தம் உறையலாம் என்ற அச்சத்தால், தொற்று ஏற்பட்ட கம்பியை அகற்றாமல் விடுவது அதைவிடப் பேராபத்து. அமெரிக்காவில் மூத்த குடிமக்களுக்கான காப்பீட்டுத் திட்டத்தின் ஆவணங்களை ஆராய்ந்த ஆய்வு ஒன்றில், கருவித் தொற்று ஏற்பட்ட 11,619 பேரில் 18.2 சதவீதத்தினருக்கு மட்டுமே 30 நாள்களுக்குள் கருவி அகற்றப்பட்டிருந்தது. அகற்றப்பட்டவர்களிடையே உயிரிழப்பு குறைவாக இருந்ததும் அதில் தெரியவந்தது. கை உறைவுக்கு மருந்து உண்டு. இதயத்தில் பரவிய தொற்றுக்குக் கம்பியை உள்ளே வைத்துக்கொண்டு மருந்தில்லை.

எனவே அகற்றும் சிகிச்சைக்குச் செல்வோர் மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டுத் தெளிவு பெறலாம். சிரை ஏற்கெனவே அடைபட்டுள்ளதா? ஏற்கெனவே உட்கொள்ளும் உறைவுத் தடுப்பு மருந்தை எப்போது நிறுத்தி, எப்போது மீண்டும் தொடங்குவது? ஆன்டிபயாடிக் செலுத்தும் குழாயை எதிர்ப்பக்கக் கையில் வைக்க இயலுமா? வீடு திரும்பிய பின் கை வீங்கினால் யாரை, எந்த எண்ணில் அழைப்பது?

இவற்றில் கடைசிக் கேள்விக்கான விடையை, வீட்டில் உள்ள மற்றவர்களும் அறிந்திருக்கும்படி எழுதி வைத்துக்கொள்வது, உறைவைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து சிகிச்சை பெறுவதற்குப் பெரிதும் உதவும்.